கேட்டு வாங்கிய பிழை: வலப்புறக் காவலர் டாரெல் ப்ரூசார்டுக்கு மில்லர்ஸ் அணியினரின் மடல்

இருபத்தோரு கோடைகளை வலப்புற வெளிக்களத்தின் புல்லில் நின்றே கழித்தவரே! வானத்திலிருந்து விழுவதையெல்லாம் வாங்கிக்கொள்வதையே வாழ்க்கையாக வரித்துக்கொண்டவரே! பதினோரு ஊர்ப் பேருந்துகளில் முதுகையும் பதினோரு ஊர் மலிவு விடுதிகளில் உறக்கத்தையும் தொலைத்தும், சிரிப்பை மட்டும் சூரியகாந்தி விதையோடு சேர்த்துக் கடைவாயில் அடக்கி வைத்திருந்தவரே! ஊருக்கு ப்ரூசார்டாகவும் எங்களுக்குப் 'பெருசு' ஆகவும் விளங்கியவரே! வணக்கம்.

தேவாலயத்தின் நிலவறைக் கூடத்தில், ஆளுக்கொரு பாத்திரமாகக் கொண்டுவந்த சுட்ட நூடுல்ஸ் ஆறிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில், பிரெய்ரி ஃபோர்க் மில்லர்ஸ் பேஸ்பால் அணியினராகிய நாங்கள் இம்மடலை உங்கள் முன் வாசிக்கிறோம். எழுதும் பொறுப்பு மாற்று கேட்சர் எட் கோவாச் தலையில் விழுந்தது. கல்லூரிக்கு இரண்டு ஆண்டு போனவர் என்பதே அவருடைய தகுதி. அங்கேயும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார் என்பதை எவரும் விசாரிக்கவில்லை. எழுத்தைப் பெரிதாக அச்சிட்டுச் சட்டம் போட்டிருக்கிறோம். காரணம் உங்களுக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். தெரிந்தும் தெரியாதவர்களாக இருந்தோம் என்பதே இம்மடலில் பாதி.

லூசியானாவின் சேற்று நிலத்தில் பிறந்து, பதினெட்டு வயதில் ஒரு தோல் கையுறையோடு புறப்பட்ட வீரரே! பெரிய லீக்கில் உங்களுக்கு வாய்த்தவை பதினோரு நாட்கள். அவற்றில் ஒன்பது நாள் பெஞ்சு, ஒரு நாள் மழை. மிச்சமிருந்த ஒரே நாளில் நான்கு முறை மட்டை பிடித்து நான்கு முறையும் அவுட் ஆனீர்கள். "நாலுமே நல்ல பந்துடா, நான் மட்டும்தான் மோசம்" என்று நீங்கள் பேருந்தில் அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தப் பதினோரு நாளில் ஒரு நாள்கூட எங்களில் பலருக்கு வாய்க்கப் போவதில்லை என்பதால், சற்றுக் கூடுதலாகவே சிரித்தோம்.

பழுதறியாப் பந்துக்காவலரே! இந்தப் பருவத்தில் ஆகஸ்ட் வரை உங்கள் பெயருக்கு நேரே ஒரு பிழைகூட இல்லை. லீக்கின் சிறந்த காவலர் கேடயம் உங்களுக்குத்தான் என்று ஊரே பேசியது. நாங்களும் கைதட்டினோம். ஆனால் பந்தைத் தொட்டு நழுவவிட்டவனுக்குத்தான் பெரும்பாலும் பிழை எழுதுவார்கள். பந்தின் பக்கமே போகாதவனுக்கு எழுத மாட்டார்கள். உங்கள் பக்கம் வந்த பந்துகளுக்கெல்லாம் நடுக்களத்திலிருந்து ஆஸ்குட் மூச்சிரைக்க ஓடிவந்தார். "பெருசு, நீ கோட்டோரமா நில்லு, மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்பார். "என்னடா, என் நிலத்தயெல்லாம் வளைச்சுப் போடறே?" என்பீர்கள் நீங்கள். சிரிப்போம். எவரும் மேற்கொண்டு ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டால் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பதில் சொன்னால் நீங்கள் போக வேண்டியிருக்கும்.

பிறகு வந்தது அந்த ஆகஸ்ட் ஞாயிறு. ஆஸ்குட் தொடை பிடித்துக்கொண்டு பெஞ்சில் கிடந்தார். நடுக்களத்தில் நின்றவர் அணிக்கு வந்து நான்கே நாள் ஆனவர். ஏழாவது இன்னிங்ஸ், பந்து வீசியவர் வெனிசுவேலாவின் யோர்மன் கெதேஸ். முழங்கை அறுவைக்குப் பின், முப்பதாம் வயதில், கடைசி முயற்சியாக எங்களிடம் வந்தவர். ஒப்பந்தம் இருக்கும்வரைதான் விசா. விசா இருக்கும்வரைதான் மனைவியும் குழந்தையும் இந்த ஊரில். எதிரணியில் இரண்டு பேர் அவுட், இன்னும் ஒருவர் அவுட்டானால் இன்னிங்ஸ் முடியும். மூன்று தளத்திலும் ஓடக் காத்திருக்கும் எதிரணி ஆட்கள். யோர்மன் வீசியதை எதிராளி உயரத் தூக்கி அடித்தார். எளிய பந்து, சோம்பேறித்தனமாக உயர்ந்து உங்களை நோக்கியே வந்தது. நீங்கள் கையுறையை நெற்றிக்கு மேல் தூக்கி வெயிலைத் தேடினீர்கள். பந்து உங்களுக்குப் பின்னால் பத்தடியில் விழுந்தது. தளங்களில் நின்ற மூன்று பேரும் ஓடி வந்து சேர்ந்தார்கள், மூன்று ஓட்டம்.

மைதானத்துக்கு மேலே இரும்புப் படிகள் ஏறிப் போகும் மாடத்தில் முப்பத்தொரு ஆண்டுகளாக ஆட்டப் பதிவு எழுதும் லோர்னா மிஸ், "வெயில் கண்ணில் பட்டது" என்று முடிவு செய்து, அதை எதிராளியின் நல்ல அடியாகவே எழுதினார். அப்படி எழுதினால் மூன்று ஓட்டமும் பந்து வீசியவர் தலையில் விழும். எங்கள் முதலாளி டயர் கடைக்காரர். அவர் ஆட்டம் பார்ப்பதில்லை, தாள்தான் பார்ப்பார். ஆட்டம் முடிந்து அரை மணி நேரத்தில் கோச் யோர்மனைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, நாளையே அணியிலிருந்து விடுவிப்பு என்றார்.

யோர்மன் பையைக் கட்டினார். கட்டியவர் நேராக உங்களிடம் வந்து, தன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார்.

"வச்சுக்க பெருசு. இந்த மைதானத்து வெயிலு பொல்லாதது. உன்மேல தப்பில்ல."

"உனக்கு வேணாமா?"

"எனக்கு இனிமே எங்க வெயிலு? மாமனார் பேக்கரியில மாவு பெசையணும்."

நீங்கள் அந்தக் கண்ணாடியை வாங்கினீர்கள். அறையில் இருந்த நாங்கள் இருபது பேரும் காலணிக் கயிற்றை அவிழ்ப்பதில் அபார அக்கறை காட்டினோம்.

நெஞ்சுரம் கொண்ட நேர்மையாளரே! அதன்பின் அந்த இரும்புப் படிகளில் ஏறி மாடத்துக்குப் போனீர்கள். அங்கே நடந்ததை லோர்னா மிஸ்தான் எங்களுக்குச் சொன்னார். நடந்ததை நடந்தபடி எழுதுவது அவர் தொழில். அன்று ஒருநாள்தான் தவறினார்.

"மிஸ், அந்த ஏழாவது இன்னிங்ஸ் பந்த என் பேர்ல பிழைன்னு போடுங்க."

"இந்தப் படி ஏறி வர்றவன் எல்லாம் பிழைய எடுங்கன்னுதான் கெஞ்சுவான். போடச் சொல்லி ஒருத்தனும் வந்ததில்ல. வெயிலு தலைக்கேறிடுச்சா டாரெல்?"

"வெயிலு எங்க மிஸ் இருந்துச்சு? மேகம் மூடிக் கெடந்துச்சு."

"நான் மேகத்தக் கவனிக்கல."

"கவனிச்சீங்க மிஸ்."

மிஸ் பென்சிலைக் கீழே வைத்தாராம்.

"எனக்கு எடது கண்ணு மூணு மாசமா சரியில்ல. ஓரத்துலேருந்து கறுப்பாத் திரை மாதிரி எறங்கிக்கிட்டே வருது. அது யாரு வேணாலும் புடிக்கிற பந்து, மிஸ். யோர்மன் தப்பு இல்ல."

"இத நான் மாத்தினா ஏன்னு கேப்பாங்க. நான் பொய் சொல்ல மாட்டேன். கேடயம் போவும். வேலையும் போவும்."

"தெரியும்."

"வேற ஏதாச்சும் வேலை தெரியுமாய்யா உனக்கு?"

"தெரியாது மிஸ்."

பழைய எழுத்தை அழித்து, உங்கள் பெயருக்கு நேரே அந்த ஒரு பிழையை எழுதினார். இரண்டு பேர் அவுட் ஆனபின் நடந்த பிழை என்பதால் மூன்று ஓட்டமும் யோர்மன் கணக்கிலிருந்து நீங்கின. மறுநாள் காலை தாளைப் பார்த்த முதலாளி யோர்மனை வைத்துக்கொண்டார், உங்களை விடுவித்தார். இரண்டுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அன்பின் உருவே! ஓமாஹாவில் மருத்துவர் சொன்னதை இங்கே சொல்லாமல் விட்டால் இம்மடல் பொய்யாகிவிடும். விழித்திரை கழன்றுவிட்டது, இனி ஒட்டாது என்றார். "மூணு மாசம் முன்னாடியே வந்திருக்கக் கூடாதா?" என்றார். அந்த மூன்று மாதம் எங்களிடம்தான் இருந்தது. நட்பு என்று பெயர் சொல்லி நாங்கள்தான் அதை வைத்திருந்தோம். ஆஸ்குட் ஓடிய ஓட்டமெல்லாம் உங்களை மருத்துவரிடமிருந்து தள்ளித் தள்ளி நிறுத்திய ஓட்டம் என்று இப்போது தெரிகிறது. "நான் ஓடாம இருந்திருந்தா ஜூன்லயே பந்து அவன் மண்டையில விழுந்திருக்கும், மறுநாளே டாக்டர்கிட்ட போயிருப்பான்" என்று சொல்லி ஆஸ்குட் தன் கையுறையை எத்தனை முறை சுவரில் அடித்தார் என்பதை எண்ணவில்லை. பாராட்ட வந்த இடத்தில் மன்னிப்புக் கேட்பது மரபல்ல. கேட்கிறோம்.

நேற்று, பருவத்தின் கடைசி ஆட்டத்தில், கோச் முதலாளியோடு மல்லுக்கட்டி உங்களுக்கு வாங்கித் தந்தது ஒரே ஒரு எதிராளி மட்டை பிடிக்கும் நேரம். ஒன்பதாவது இன்னிங்ஸ், கடைசி அவுட் பாக்கி, பந்து யோர்மன் கையில். கோச் உங்களை வலப்புறத்துக்கு அனுப்பினார். பந்து வேறெங்காவது போகட்டும் என்று நாங்கள் அத்தனை பேரும் வேண்டினோம். எங்கள் வேண்டுதலுக்கு என்றைக்குத்தான் மதிப்பிருந்தது? அது உயரமாக, நேராக, உங்களிடமே வந்தது.

வெளிக்களத்தில் நிற்பவருக்குப் பந்து தெரியாமல் போனால் இரு கைகளையும் அகல விரிக்க வேண்டும். தெரியவில்லை, யாராவது வாருங்கள் என்று பொருள். பள்ளி அணியிலேயே கற்றுத்தருவது. இருபத்தோரு ஆண்டுகளில் ஒருமுறைகூட நீங்கள் அதைச் செய்ததில்லை. நேற்று செய்தீர்கள். கையுறை ஒரு பக்கம், வெறுங்கை ஒரு பக்கம், இத்தனை பேர் பார்க்க, அசையாமல் நின்றீர்கள். "வர்றேன் பெருசு, நில்லு, நில்லு!" என்று கத்திக்கொண்டே ஆஸ்குட் ஓடிவந்து, உங்கள் தோளுக்குப் பக்கத்தில் அதைப் பிடித்தார். ஆட்டம் முடிந்தது. பந்து வீசும் மேட்டின் மீதிருந்த யோர்மன் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார்.

போய் வாருங்கள், பெருசே. இருக்கும் கண்ணை இனி எவருக்காகவும் மறைக்காதீர்கள். அது நெடுங்காலம் தெளிவாகப் பார்க்கட்டும், முழங்கால்கள் படியேறட்டும், உடல் நோயறியாதிருக்கட்டும், லூசியானாவில் உங்கள் அக்காள் வீட்டுச் சோறு உங்கள் உடம்பில் ஒட்டட்டும். கை விரிக்க வேண்டிய நாள் வந்தால் விரியுங்கள். எங்களில் யாராவது ஓடிவருவோம். இம்முறை உண்மையைச் சொல்லிக்கொண்டே வருவோம்.

என்றும் உங்கள்,
ஆஸ்குட், யோர்மன் கெதேஸ், எட் கோவாச், கோச், லோர்னா மிஸ்
மற்றும் பிரெய்ரி ஃபோர்க் மில்லர்ஸ் அணியினர் அனைவரும்
நெப்ராஸ்கா, செப்டம்பர்