வரப்பை வரம்பு என்றே எழுதிய பூவராகவனாருக்கு

மேட்டு நிலத்து மண் காத்த மேலோரே! ஓடும் மழைநீரை ஒதுக்கி நிறுத்திய உழைப்பாளரே! செந்தமிழில் சிரித்து, செந்தமிழில் சினந்து, செந்தமிழிலேயே எங்கள் உயிரை வாங்கி, இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் தலைவர் திருவாளர் பூவராகவனார் அவர்களே!

சரிவுக்குக் குறுக்கே கரை எழுப்பி, குடியானவர் நிலத்து மண் ஆற்றோடு போகாமல் காப்பது நம் முகாமின் பணி. அந்தக் கரையை ஊர் உலகம் வரப்பு என்கிறது. தாங்களோ பலகைதோறும் ‘சமமட்ட வரம்பு’ என்றே எழுதவைத்தீர்கள். நில உச்சவரம்புச் சட்டம் வந்து, ஊர் ஊராக வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்த சமயம் அது! நிலத்தைப் பறிக்க வந்தவர்கள் என்று எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர்கூட எவரும் தரவில்லை. காலையில் நாங்கள் அடித்த முளை மாலையில் யார் வீட்டு அடுப்பிலோ எரிந்தது. “ஒரு எழுத்துதானே சார், நானே மாத்திடறேன்” என்று ஜீப் டிரைவர் சிட்டிபாபு கெஞ்சியபோது, “தமிழில் கைவைக்காதே” என்று பெயின்ட் டப்பாவைப் பிடுங்கி வைத்துக்கொண்டீர்கள். தங்களோடு மல்லுக்கட்டியே எங்களுக்குத் தலை நரைத்தது.

திருமுக்கூடல் பக்கத்துக் கிருஷ்ணவேணி அம்மையாரை மறக்க முடியுமா? கணவர் போனபின் அவருக்கு மிஞ்சியது மல்லாட்டை எனும் வேர்க்கடலை விளையும் கொஞ்சம் கொல்லையும் ஒரு கிணறும். ஐப்பசிக்கு ஐப்பசி கொல்லையைக் கீறிய ஓடை, கிணற்றை நெருங்கிவிட்டது. கிணறு சரிந்தால் பிழைப்பே போயிற்று என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் பலகையைப் பார்த்ததும் எங்கள் குறுக்கே வந்து நின்றார். ஓடையாவது கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது, இவர்கள் ஒரே வாயில் விழுங்கிவிடுவார்களே என்று பயந்தார்.

“உச்சவரம்புன்னு பெரிய நெலத்த எடுத்துக்கினு இருக்காங்க. நீ சமவரம்புன்னு எழுதிக்கினு வந்து என் கொல்லைல நிக்கிறியேப்பா!”

“அம்மையே, வரம்பும் வரப்பும் ஒன்றே.”

“ஒண்ணுதான்னா, ஊர் பேசறத எழுதேன்! வரப்புன்னு எழுது, நானே மம்புட்டி எடுத்துக்கினு வர்றேன்.”

அதற்கும் தாங்கள் அசையவில்லை, ஐயா! இலக்கணம் சொன்னீர்கள்! உச்சி வெயிலில், பசித்த வயிற்றோடு நின்ற எங்களையும் கேட்கவைத்தீர்கள். அன்று எங்களுக்கு வந்த ஆத்திரத்தை இந்த மேடையில் சொல்ல முடியாது.

பின்னர் ஐப்பசி முதல் மழை கொட்டியது. மறுநாள் நாம் போனபோது கிணற்று மேட்டில் ஒரு பக்கம் பெயர்ந்து ஓடையில் கிடந்தது. அம்மையார் கிணற்றையே பார்த்து நின்றார். தாங்கள் குனிந்து ஒரு பிடி ஈர மண்ணை எடுத்தீர்கள். பலகையில் இருந்த ‘ம்’ மீது அப்பினீர்கள். “சிட்டிபாபு, இவ்விடத்தில் ‘ப்’ எழுது” என்றீர்கள். அம்மையார் வீட்டுக்குப் போய் மம்புட்டியோடு திரும்பினார். அடுத்த மழைக்குள் கரை எழும்பிவிட்டது. கிணறு இன்றும் நிற்கிறது. எல்லாப் பலகையிலும் ‘வரப்பு’ ஏறிய பின் எந்த ஊரிலும் நம் முளையை எவரும் பிடுங்கவில்லை.

அத்தோடு திருந்தினீர்களா? பிழை பார்க்க இம்மடலைத் தங்களிடமே கொடுத்தது எங்கள் புத்தி! ‘வரப்பு’ வந்த இடமெல்லாம் சிவப்பு மையால் ‘வரம்பு’ ஆக்கித் திருப்பி அனுப்பினீர்கள். மன்னியுங்கள், ஐயா. அம்மையார் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவர் சொல்லே இம்மடலின் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஏறியிருக்கிறது.

ஆயினும், கடைசி வரிக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. அதை எழுதலாமா என்று அம்மையாரிடமே கேட்டோம். பொருளை விசாரித்துவிட்டுச் சற்றே யோசித்தார். “அவருக்குன்னா அந்தச் சொல்லே இருக்கட்டும்பா” என்றார்.

ஆகவே ஐயா, நோய் நொடி அணுகாமல், தாங்கள் வரம்பின்றி வாழ்க!

தங்களால் தலை நரைத்த,
பாலாற்றங்கரை மண்காப்பு முகாம் ஊழியர்கள்,
காஞ்சிபுரம், 31.7.1973