ஊசிப் பெட்டி மேல் ஒரு புகார்

— கண்ணு பொய் சொல்லும், காது பொய் சொல்லும், மனுஷா சொல்றதுக்குக் கேக்கவே வேண்டாம். நாப்பது வருஷம் எழுத்தைத் தடவின விரல் மட்டும் பொய் சொல்லாது. அறிக்கையில இதுதான் முதல் வாக்கியம். எப்படி இருக்கு, சந்தனமாரி?

— நல்லாருக்கு, ராமபத்ரன் சாரே. சாரோட ஒரு கால்ல செருப்பில்லை.

— என்னது?

— இடது கால்ல. படகுத்துறையில இருந்து இப்படியேதான் நடந்து வந்தீங்களோ? வெயில்ல தாரு உருகிக் கிடக்கு.

— நேக்கு ஒண்ணும் தெரியலையே. படகுலேர்ந்து எறங்கறச்சே கழண்டிருக்கும், விடு. பெரிய காரியம் பேசிண்டிருக்கறச்சே செருப்புல வந்து நிக்கறே. யந்திரம் ரெடியா?

— ரெடி. போன மாசமும் ரெடியாத்தான் இருந்துச்சு. அதுக்கு முந்தின மாசமும்.

— இப்படிச் சொல்லியே அஞ்சு தடவை என்னை மட்டாஞ்சேரிக்கு அலைய விட்டுட்டே. கண் தெரியாதவா அச்சுப் புஸ்தகத்தைத் தானே வாசிக்கறதுக்குன்னு கடல் தாண்டி வந்த யந்திரம். சங்கத்துத் தலைவர்னு என்னை நம்பி ஆறு மாசம் சோதிக்கக் குடுத்திருக்கா. அதை ஒரு ரேடியோக் கடையில கொண்டு வந்து வச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்.

— ரேடியோன்னு எளப்பமாச் சொல்லாதீங்க. ரேடியோவுல ஆயிரம் வித்தை இருக்கு. இந்த ஊசிப் பெட்டியில என்ன இருக்கு? வலது கையால கேமராவை வரி மேல உருட்டணும், இடது விரலைக் குழிக்குள்ள விடணும். எழுத்து எப்படியோ அப்படியே ஊசி துடிக்கும். துடிக்குது, சாரே.

— துடிக்கலை.

— பவுடர் தூவிப் பாத்தேன். கேமராவை ‘ப’ மேல வச்சா, குழிக்குள்ள பவுடர் ‘ப’ மாதிரியே எழும்பி ஆடுது.

— விரலால வாசிக்க வேண்டியதைக் கண்ணால பாத்து சர்டிபிகேட் குடுக்கறியா?

— என் விரலையும் விட்டேன். கூசுது.

— கூசினா போறுமா? நோக்கு விரலால படிக்கத் தெரியுமா?

— அதான் நேத்து வீரலட்சுமியை வரச் சொன்னேன். உங்க சங்கத்துல இந்தப் பெட்டியில பழகுற பொண்ணுதானே. ஒரு மணிக்கூர் உக்காந்து ஒரு பத்தியை முழுசா வாசிச்சா. தப்பே இல்லை.

— ஊகிச்சிருப்பா. நான் பழக்கின பொண்ணு, புத்தி ஜாஸ்தி.

— கோழித் தீவன விளம்பரம், சாரே. அதை யாரு ஊகிப்பா?

— இதோ பாரு. அறிக்கைக்குக் கீழே மெக்கானிக் கையெழுத்து வேணும். ‘பழுதானது, நம்பத்தகாதது, சரிசெய்ய இயலாதது.’ என் பொண்ணு அம்மு அழகா எழுதித் தந்திருக்கா. போட்டுக் குடு, நான் போறேன்.

— போட்டா என்ன ஆகும்?

— வெலிங்டன் தீவுல, குடோன்ல, இன்னும் ஒம்பது பெட்டி காத்துண்டிருக்கு. அப்படியே கப்பலேத்தித் திருப்பி அனுப்பிடுவா.

— பின்னே வேற வருமா?

— வராது. கம்பெனிக்காரா இதைப் பண்றதையே நிறுத்தப் போறாளாம்.

— அந்த ஒம்பதுல ஒண்ணு தனக்குத்தான்னு வீரலட்சுமி பரீட்சைக்குப் பேரு குடுத்துட்டு உக்காந்திருக்கா.

— அதுக்கு நான் என்ன பண்ண? என்னால வாசிக்க முடியாத ஒண்ணை நன்னா இருக்குன்னு எழுதறதுக்கு வேற தலைவரைப் பாக்கச் சொல்லு.

— சாயா குடிக்கிறீங்களா?

— கேட்டுட்டே, வேண்டாங்கக் கூடாது. சர்க்கரை மூணு கரண்டி.

— மூக்கம்மாக்கா, இங்க ஒரு சாயா. மூணு கரண்டியாம். ... சாரே, ஒண்ணு கேக்கட்டா? பிரெய்ல் புஸ்தகம் இப்ப வாசிக்கிறீங்களா?

— அதை ஏன் கேக்கறே. எல்லாம் பழசு. புள்ளியெல்லாம் தேஞ்சு மொழுக்குனு ஆயிடுத்து.

— அம்மு சேச்சி புதுசு வரவழைச்சாங்களே.

— புதுசு அதை விட மோசம். அச்சடிக்கறவன் அழுத்தியே அடிக்கறதில்லை. முழுப் பக்கமும் வெறும் காயிதம். இந்த தேசத்துல எவனுக்கும் வேலையில சிரத்தை கிடையாது. சட்டைப் பொத்தானைக்கூட இப்பல்லாம் தட்டுப்படாத மாதிரி பண்றான்.

— பொத்தானுமா?

— ஏன் குரல் எறங்கிடுத்து?

— ஒண்ணுமில்லை. அம்மு சேச்சி இன்னொண்ணும் சொன்னாங்க. கற்பூரம் காட்டுனப்போ கை சுட்டுப் பொள்ளி, நீங்க அறியாமலே நின்னீங்கன்னு. டாக்டர் சுகர்னு சொல்லி மருந்து எழுதினாராம், நீங்க அதை...

— சுகர்ங்கறது நாக்கை அடக்கத் தெரியாதவாளுக்கு வர்றது. சாயா எங்கே?

— இதோ வந்தாச்சு. உங்க இடது பக்கம் வச்சிருக்கேன். அடுப்புலேர்ந்து அப்படியே வருது, கொதிக்குது. ஆறட்டும்.

— ஆறட்டும். நீ அதுக்குள்ள கையெழுத்தைப் போடு.

— போட மாட்டேன், சாரே. பெட்டியில கேடு இல்லை. கடைசி மூணு தடவையும் திறந்து பாத்தேன், மூடினேன். ஒரு ஸ்க்ரூகூட மாத்தலை.

— அப்போ என்னை ஏமாத்தியிருக்கே.

— ஏமாத்தலை. சொல்லப் பயம்.

— எதைச் சொல்ல?

— நாளைக்கு எர்ணாகுளம் ஆஸ்பத்திரிக்கு நானும் கூட வர்றேன். போயிட்டு வந்து கையெழுத்தைப் பத்திப் பேசலாம்.

— பெட்டியை நேராக்கத் தெரியாதவ என்னை நேராக்கக் கிளம்பிட்டா. சரி. கடைசியா ஒரு தடவை. உன் கண்ணெதிர்லயே நிரூபிக்கறேன். கேமராவை நீயே பிடிச்சுக்கோ. எந்த எழுத்து மேல வேணா வை. விரலை நான் விடறேன்.

— இருங்க, பெட்டியை எடுத்து மேசை மேல...

— எங்கே இருக்குன்னு நேக்குத் தெரியாதா? இதோ வாய். இதோ குழி. விட்டாச்சு.

— சாரே, கையை...

— உஷ். ஒருத்தர் வாசிக்கறச்சே இன்னொருத்தர் பேசக்கூடாதுன்னு முப்பது வருஷம் வகுப்புல சொல்லியிருக்கேன். அடி வரைக்கும் விட்டிருக்கேன், நன்னா பாத்துக்கோ. ஒரு துடிப்பு உண்டா? ஒரு கூச்சம் உண்டா? பொணம் மாதிரி கிடக்கு. இப்போ என்ன சொல்றே?

— பெட்டி இன்னும் என் மடியிலதான் இருக்கு, சாரே. உங்க விரல் சாயா கிளாஸுக்குள்ள இருக்கு.