பூவிழிக்குக் கல்யாணம் ஆகும் வரை

விடியற்காலை பஸ்ஸைப் பிடித்தால்தான் மலையிலிருந்து இறங்கிப் பத்து மணிக்குத் திருப்பத்தூர் கோர்ட்டில் நிற்க முடியும் ஐயா. இந்த ஜீவனாம்சக் கேஸில் மூன்று வருடமாக ஒரு வாய்தாவைக்கூட நான் தவறவிட்டதில்லை.

செவ்வந்தி என்னை விட்டுவிட்டு வேறொருவனைக் கட்டிக்கொண்டாள். எங்கள் மலையில் அதற்கு ஒரு வழி உண்டு. புதிதாகக் கட்டுகிறவன், பழைய புருஷன் பெண் வீட்டுக்குப் போட்ட பரியப் பணத்தை ஊர் முன்னால் திருப்பித் தர வேண்டும். தந்தான், வாங்கிக்கொண்டேன். அத்தோடு எல்லாம் தீர்ந்தது, மகள் பூவிழிக்குக் கட்டுகிற ஜீவனாம்சமும் நின்றுவிடும் என்றுதான் நினைத்தேன். எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

வக்கீல் ஒத்துக்கொள்ளவில்லை. "அந்தம்மா வேற கல்யாணம் பண்ணிக்கினா அவங்களுக்குத் தர வேணாம் மணிவேலு. ஆனா பொண்ணு உன் பொண்ணுதான? அதுக்குக் கல்யாணம் ஆவற வரைக்கும் நீதான் குடுக்கணும்."

எவனோ ஒருவன் வீட்டில் வளர்கிறவளுக்கு நான் ஏன் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கொடுக்க வேண்டும்? ஆனால் வக்கீல் சொன்னதிலேயே ஒரு வழியும் இருந்தது.

பூவிழிக்குப் பதின்மூன்று வயது. காலாண்டு லீவுக்கு என் வீட்டுக்கு வந்திருந்தாள். அமிர்திப் பக்கம் ஒரு மாப்பிள்ளை கிடைத்தார். பெண்சாதியை இழந்தவர், என்னைவிட நாலு வயதுதான் சின்னவர், குடி கிடையாது. கோயிலில் வைத்து முடித்துவிட்டேன்.

"இன்னாப்பா இது, லீவு முடிஞ்சா நான் இஸ்கூலுக்குப் போவணுமே" என்றாள்.

"போவலாம், போவலாம்" என்றேன். அழுகிற பிள்ளையை வேறு எப்படித்தான் சமாதானம் செய்வது?

கல்யாணமாகிப் பன்னிரண்டாம் நாள், மாப்பிள்ளை வீட்டிலிருந்து அம்மாவிடம் போக வேண்டும் என்று தனியாகக் காட்டு வழியில் கிளம்பியிருக்கிறாள். நல்ல மழை. ஓடை இழுத்துக்கொண்டு போனதற்கு நான் என்ன செய்வேன்? சேதி கேட்டதும் தேடி ஓடியவர்களில் நானும் ஒருவன். பாறை இடுக்கில் கிடந்தவளைத் தூக்கி வந்தது இந்தக் கைகள்தான்.

செவ்வந்தி மண்ணை வாரித் தூற்றினாள். நானும் அழுதேன் ஐயா. பெற்றவன் இல்லையா?

ஆமாம், கட்டிவைத்தது நான்தான். மறைக்கவில்லையே. அடக்கம் முடிந்த மறுநாளே கல்யாணப் போட்டோவைக் கொண்டுபோய் வக்கீலிடம் கொடுத்தேன். அவள் செத்த நாளிலிருந்து இல்லை, கல்யாணம் ஆன நாளிலிருந்தே ஜீவனாம்சத்தை நிறுத்தக் கேட்டு மனுப் போடச் சொல்லியிருக்கிறேன். பன்னிரண்டு நாள் வித்தியாசம் வருகிறது. அந்தத் தேதியை மட்டும் நீங்கள் ஸ்டேஷன் ரிப்போர்ட்டில் தப்பில்லாமல் எழுதிக்கொள்ளுங்கள்.