டமாரத்தின் காது

காது மிஷினுக்கு முதல் எதிரி காதுக் குறும்பி. இரண்டாவது வியர்வை. மூன்றாவது, அதை விற்கிறவன். இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் இவ்வளவு கத்த வேண்டாம், மெதுவாகவே கேளுங்கள். வாசலில் நின்று ஏட்டிடம், "இந்தச் செவிட்டு ஆளுகிட்ட என்னத்தக் கேட்டு என்னத்த எழுத?" என்று அலுத்துக்கொண்டீர்களே, அதுவும் எனக்குக் கேட்டது. வருத்தமில்லை. உங்களிடம் அதற்கு மேல் நான் எதிர்பார்க்கவும் இல்லை.

முனியராஜும் செல்வலட்சுமியும் எப்படிச் செத்தார்கள் என்பதுதானே உங்களுக்குத் தெரிய வேண்டும். சொல்கிறேன். ஆனால் மிஷினிலிருந்து ஆரம்பித்துத்தான் சொல்ல முடியும்.

வெம்பக்கோட்டை ரோட்டில் இருக்கிற அந்தப் பட்டாசுக் கம்பெனியில் நான் ஸ்டோர் பொறுப்பு. அதற்கு முன் ரொம்ப வருஷம் சாம்பிள் வெடி போட்டுப் பார்க்கிற வேலை. காது அதில் போனது. மதுரையில் ஒரு கடையில் இரண்டு காதுக்கும் மிஷின் வாங்கினேன். அங்கே டை கட்டிய ஒரு பையன் கம்ப்யூட்டரில் வயரைச் சொருகி, ரெண்டு தட்டு தட்டிவிட்டு, "இப்ப எப்படி சார் இருக்கு?" என்றான். தகர டப்பாவுக்குள் மீன் மார்க்கெட்டை அடைத்து ஆட்டியது மாதிரி இருந்தது. "பழகிரும் சார்" என்றான். ஒவ்வொரு தடவை பஸ் ஏறிப் போனபோதும் அதையேதான் சொன்னான். படித்த மூளை அவ்வளவுதான்.

ஒரு நாள் அந்தக் கடையையே மூடிவிட்டார்கள். மிஷினுக்கு புரோகிராம் போடுகிற பெட்டியையும் வயரையும் பழைய சாமானோடு சாமானாக நான் வாங்கிவந்தேன். வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் கிடந்தது. சின்ன வயதில் ரேடியோ ரிப்பேர் படித்தவன் நான். இது ஒன்றும் பெரிய வித்தையில்லை. தடித்த கீழ்ச்சத்தத்தைக் குறைக்க வேண்டும், கூர்மையான மேல்சத்தத்தைக் கூட்ட வேண்டும், எதை எவ்வளவு என்பது அவனவன் காதுக்குத்தான் தெரியும். என் மனைவியை அடுப்படியில் தோசை ஊற்றச் சொல்லிவிட்டு நான் முன்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பேன். கல்லில் மாவு விழுகிற 'ஸ்ஸ்' தெளிவாகக் கேட்கிறவரை திரையில் மேல்சத்தக் கோட்டை ஏற்றிக்கொண்டே போவேன். அவள் எனக்கு அகோரப் பசி என்று நினைத்துக்கொண்டாள். அந்த மட்டுக்கும் அவள் நல்லவள்.

பின்பக்கச் சத்தத்தை அமுக்குகிற வசதி ஒன்று மிஷினில் உண்டு. அதை எடுத்துவிட்டேன். முன்னால் நிற்கிறவன் பேசுவதை அவன் வாயைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். பின்னால் பேசுவதைத்தான் கேட்க வேண்டும். எனக்கு இவ்வளவு கேட்கிறது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை. வழக்கம்போலக் கையை ஆட்டி ஜாடையில்தான் பேசினார்கள்.

கம்பெனியில் எனக்கு டமாரம் என்று பேர் வைத்திருந்தார்கள். அதை வைத்தவன் முனியராஜ், வெடிமருந்து கலக்கிற அறையின் போர்மேன். அவன் காதும் பாதி போனதுதான். இந்தப் பக்கம் எவன் காது முழுசாக இருக்கிறது? ஒத்துக்கொள்ள வெட்கம், அதனால் என்னைக் காட்டித் தப்பித்துக்கொண்டான். நான் மருந்துச் சாமான் கொடுக்கப் போகும்போதெல்லாம், மரத்தடியில் நிற்கிற லோடுமேன்களுக்குக் கண்ணைக் காட்டிவிட்டு, "அண்ணாச்சி, சத்தம் ஏதும் கேக்குதா?" என்பான். நான் கையை விரிப்பேன். அவர்கள் சிரிப்பார்கள். அடுத்த அறையில் மருந்து அடைக்கிற செல்வலட்சுமி மட்டும், "பாவம்லே அந்த மனுசன், விடுங்க" என்பாள். அதோடு விட மாட்டாள். வந்து என் தோளைத் தொட்டு, காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, "சாப்பிட்டீகளா அண்ணாச்சி?" என்று கத்துவாள். மிஷின் கீச்சென்று அலறும். முனியராஜின் நக்கலையாவது பொறுக்கலாம். இந்தப் பாவத்தைப் பொறுக்க முடியாது. நான் என்ன அனாதை மாடா?

அவர்கள் செத்த அன்றைக்குத் தீபாவளி சீசன் வேலை, வானம் மூடிக்கிடந்தது, காற்றில் ஈரம். முந்தின நாள் மீந்த மருந்தை அழித்துவிட வேண்டும் என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். முனியராஜ் அதைத் தொட்டியிலேயே மூடி வைத்திருந்தான். மருந்தில் கலந்த அலுமினியப் பவுடர் ஈரம் பட்டால் உள்ளுக்குள் சூடேறிச் சீறும். நான் கலவை அறை வாசலில் நிற்கும்போது தொட்டியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தோசைக் கல் சத்தத்தை விட மெலிசு. அவனுக்குக் கேட்கவில்லை. வேறு எவனுக்கும் கேட்டிருக்காது. எத்தனையோ நாள் உட்கார்ந்து நான் ஏற்றிவைத்த சத்தம் அது, எனக்குக் கேட்டது. உண்மையைச் சொன்னால், பெருமையாகத்தான் இருந்தது.

எங்கள் தொழிலில் அப்படி ஒரு சீறல் கேட்டால் யாரும் யாரையும் எதுவும் கேட்க மாட்டார்கள். சீறல் காதில் விழுந்தவன் "ஓடு" என்பான், எல்லோரும் ஓடுவார்கள். அந்த ஒரு வார்த்தைதான்.

முனியராஜ் என்னைப் பார்த்தான். மரத்தடியைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"அண்ணாச்சி, சத்தம் ஏதும் கேக்குதா?"

"ஒண்ணும் கேக்கலையேப்பா" என்றேன்.

சிரித்தார்கள். செல்வலட்சுமி தன் அறையிலிருந்து, "பாவம்லே" என்றாள்.

நான் ஓடவில்லை சார். நடந்தேன். ஸ்டோருக்குப் போய்க் கதவைச் சாத்தி, இரண்டு மிஷினையும் கழற்றி, பேட்டரி மூடியைத் திறந்து, ஈரம் உறிஞ்சுகிற உப்பு போட்ட டப்பாவுக்குள் வைத்து இறுக்க மூடினேன். அவ்வளவு பெரிய சத்தத்தில் நல்ல பொருள் கெட்டுப்போகும். கோபத்தில் செய்கிறவன் இப்படிப் பதனமாகச் செய்வானா? நான் கோபத்தில் செய்யவில்லை. அவன் கேட்டான், நான் பதில் சொன்னேன். வேண்டுமானால் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

வெடித்து முடிந்து தூசி இறங்குகிற நேரத்தில் மிஷினை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். கலவை அறை இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. பக்கத்து அறையின் சுவரும் கூரையும் சரிந்து கிடந்தன. லோடுமேன்கள் காதைப் பொத்திக்கொண்டு தள்ளாடினார்கள். அவர்களில் காளிராஜ் என்கிறவன் இன்னொருவனைப் பிடித்து உலுக்கி, "ஏலே, என்னலே சொல்லுத, ஒண்ணும் கேக்கலையே" என்று கத்தினான். மற்றவன் கையை ஆட்டி ஜாடை காட்டினான். அத்தனை பேருக்கும் காது அடைத்துவிட்டது. அந்த வளாகத்தில் காது உள்ள ஒரே ஆள் நான்தான். கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பார்க்க நன்றாகவே இருந்தது.

இதை நான் சொல்லியிருக்க வேண்டியதே இல்லை. ஆனால் சாவு வீட்டுக்குத் துட்டி கேட்க வந்தவன் ஒவ்வொருவனும், "பாவம், அந்த மனுசனுக்குக் காது மட்டும் கேட்டிருந்தா ரெண்டு உசுரும் தப்பிச்சிருக்கும்" என்கிறான். முதலாளி நல்லசிவம் அண்ணாச்சி எனக்குச் சென்னையிலிருந்து புது மிஷின் தருவிக்கிறாராம். புது மிஷினாம். என் மிஷினுக்கு என்ன குறை என்று ஒருத்தனாவது கேட்டானா?

செல்வலட்சுமி உடனே சாகவில்லை சார். சரிந்த கூரைக்கு அடியில், மேற்கு மூலையில் கிடந்தாள். காது அடைத்த ஆட்கள் கிழக்கே தோண்டிக்கொண்டிருந்தார்கள். "இங்கன கெடக்கேன், யாராச்சும் வாங்களேன்" என்று ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாகக் கேட்டது. என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. செவிடனிடம் யார் கேட்பார்கள்? போகப் போக அவள் குரல் மெலிந்து, கூர்மையாகி, காதுக்குள் ஊசி மாதிரி குத்தியது. மேல்சத்தத்தைக் கொஞ்சம் அதிகமாகவே ஏற்றிவிட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. நான் செய்த தப்பு அது ஒன்றுதான். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அதைச் சரிசெய்துவிட்டேன்.