ஓட்டை இல்லாத கப்பல்

அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைத்து வைக்க முடியுமா சார்? எனக்காகக் கேட்கவில்லை. எனக்கு வியர்த்தால் துடைத்துக்கொள்வேன். மேஜைமேல் இருக்கும் கப்பலுக்காகக் கேட்கிறேன். கொடிக்கம்பத்திலிருந்து கூரைக்குப் போகிறதே ஒரு கயிறு, அது தையல் நூலைப் பிரித்து எடுத்த ஒற்றை இழை. காற்றில் அது படபடப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் கோர்வையாகப் பேச முடியாது.

நன்றி. ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எழுதுகிறவர் குழம்பிப்போவார். நான் வீட்டில் செய்ததைக் கப்பல் என்பேன். ஆற்று முகத்துவாரத்தில் அக்கரைக்கும் இக்கரைக்கும் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடியதைப் படகு என்பேன். கப்பல் ஒரு முழ நீளம். படகு அதைப்போல ஐம்பது மடங்கு. என் மனைவிக்கு இதைக் கேட்டாலே சிரிப்பு வரும். "முழ நீளத்துக்குக் கப்பல்னு பேரு, அத்தாம் பெரிசு வெறும் படகா?" என்பாள். ஆமாம் என்பேன். படகு ஊரில் யாருக்கு வேண்டுமானாலும் சொந்தமாக இருக்கலாம். கப்பல் எனக்கு மட்டும்தான்.

படகு பழுதுபார்க்கும் பட்டறையில் நான் மேற்பார்வையாளர். பிரஷர் ஏறுகிறது, மனதுக்குப் பிடித்த மாதிரி ஏதாவது செய்யுங்கள் என்று டாக்டர் சொன்னதால்தான் மாதிரிக் கப்பல் கட்ட உட்கார்ந்தேன். பிரஷர் குறைந்ததா என்று கேட்காதீர்கள். சந்தோஷம் ஏறியது. பலகையை ஆவியில் காட்டி மெல்ல வளைக்கும்போது அது முரண்டு பிடித்துவிட்டு, சரி போ என்று இறங்கி வரும் பாருங்கள், அந்த நொடியில் எனக்குப் பாட்டு வரும். எனக்குப் பாடத் தெரியாது. பக்கத்து வீட்டார் ஜன்னலைச் சாத்துவார்கள்.

அந்தப் படகையே கப்பலாகச் செய்யலாம் என்று யோசனை கொடுத்தது என் மச்சான். மனைவியின் தம்பி. அந்தப் படகின் ஓட்டுநர் அவன்தான். "உலகத்துல இருக்கிற கப்பலையெல்லாம் செய்றீங்க மாமா, நம்ம படகு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றான். எனக்குப் பொறி தட்டியது. எங்கள் மாதிரிக் கப்பல் சங்கத்தில் வருடாவருடம் ஒரு போட்டி உண்டு. அதில் 'அசலும் நகலும்' என்று ஒரு பிரிவு. கப்பலை அசலுக்குப் பக்கத்திலேயே வைத்துப் பார்ப்பார்கள். நடுவர் ஒரு பல் டாக்டர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற மனிதர். அந்தப் பிரிவில் அதுவரை ஒருவருக்கும் முழு மதிப்பெண் போட்டதில்லை.

வருடத்துக்கு ஒரு தரம் என் பட்டறைக்கு வந்து, என் கண்ணெதிரே பெயின்ட் அடித்துக்கொண்டு போகிற படகு. அதற்குப் போய் அளவெடுப்பார்களா? மனதிலிருந்தே செய்தேன். பெஞ்சு, படிக்கட்டு, பக்கவாட்டில் தொங்கும் பழைய டயர்கள் எல்லாம் வந்துவிட்டன. டயருக்கு மருந்துப் புட்டி மூடியின் ரப்பர் வளையம். சுக்கான் அறையில் மச்சானையே பொம்மையாக நிறுத்தினேன். அவனுடைய நீலத் தொப்பிக்கு வண்ணம் வைத்தது என் மனைவி. நகப்பூச்சுத் தூரிகையை மூன்று முடியாகக் கத்தரித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தாள். வைத்து முடித்ததும் நாங்கள் இருவரும் சமையலறையில் கைகோத்துக்கொண்டு சுற்றினோம். கல்யாணமான புதிதில்கூட அப்படிச் சுற்றியதில்லை. பிறகு குளியல் தொட்டியில் மிதக்கவிட்டேன். அவள் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குக் குளிக்கப் போனாள்.

மச்சான் வந்து பார்த்தான். வாயெல்லாம் பல். தன் பொம்மையைப் பார்த்து, "தொப்பையை மட்டும் கொஞ்சம் குறைச்சிருக்கலாம்" என்றான். அப்புறம் குனிந்து, பக்கச்சுவரின் அடியில் விரலை ஓட்டினான்.

"மாமா, தண்ணி போற ஓட்டை எங்க?"

கீழ்த்தளத்தின் பக்கச்சுவர் தரையைத் தொடும் இடத்தில், பக்கத்துக்கு நான்காக, கை நுழையும் அளவுக்குத் துவாரங்கள். அலை உள்ளே அடித்தால் அந்தத் தண்ணீர் வழிந்து வெளியே போவதற்கு. டயர்களுக்குப் பின்னால் இருப்பதால் கண்ணில் படாது. என் நினைவிலும் படவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

சார், அந்தப் பக்கச்சுவரைப் பாருங்கள். ஒரே பலகை. உப்புத்தாள் போட்டு, வார்னிஷ் அடித்து, மறுபடி உப்புத்தாள் போட்டு, முகம் தெரிகிற அளவுக்குக் கொண்டுவந்தது. அதில் கத்தியை வைத்தால் நுனியிலிருந்து நுனிவரை விரிசல் ஓடிவிடும். ஆனால் அடுத்த வாரம் படகு வருடாந்திரப் பழுதுக்காக என் பட்டறைக்கு வர இருந்தது. கப்பலைத் திருத்தினால் ஒரு வருட உழைப்பு பாழ். படகைத் திருத்தினால் வெல்டருக்கு அரைநாள் வேலை. நிதானமாக யோசிக்கிற எவரும் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று நீங்களே சொல்லுங்கள்.

வெல்டர்மேல் பழி போடாதீர்கள். அவர் கேட்கத்தான் செய்தார்.

"இதை அடைச்சா தண்ணி எப்படி சார் வெளிய போகும்?"

"பம்ப் வைக்கப் போறாங்க. மேலிடத்து உத்தரவு" என்றேன்.

மேலிடம் என்று சொன்னால் நம் ஆட்கள் அதற்குமேல் கேட்க மாட்டார்கள். தகடு வைத்துப் பற்றவைத்தார். அதன்மேல் பட்டி பார்த்து, தேய்த்து, பெயின்ட் அடித்ததை நானே பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டேன். அடைத்த இடமே தெரியவில்லை. அடைப்பு நன்றாக வந்தால் ஒரு திருப்தி வருமே, அது வந்தது. தகுதிச் சான்று கொடுக்க வந்த அதிகாரி இன்ஜினைப் பார்த்தார், மிதவை உடுப்புகளைப் பார்த்தார், அந்தச் சுவர்மேல் சாய்ந்துகொண்டுதான் கையெழுத்துப் போட்டார்.

போட்டி நாளில் பல் டாக்டர் தொழிலுக்கு வைத்திருக்கும் சின்னக் கண்ணாடியையே கொண்டுவந்திருந்தார். படகின் டயர்களுக்குப் பின்னால் அதை நுழைத்து நுழைத்துப் பார்த்தார். வாயைத் திறங்க என்று சொல்லாத குறை. நான் கப்பலைப் பிள்ளையைப் போல ஏந்திக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். கடைசியில் அவர் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்து, "ஒண்ணும் விட்டுப்போகலை. அப்படியே இருக்கு" என்றார். சங்கத்தார் எல்லோரும் கைதட்டினார்கள்.

மச்சான் மட்டும் டயரை விலக்கிப் பார்த்தான். சுவரைத் தடவினான். என்னைப் பார்த்தான். பிறகு வெடித்துச் சிரித்தான்.

"ஏன் மாமா, உங்க கப்பல்ல ஓட்டை இல்லன்னு என் படகுல இருந்ததை அடைச்சிட்டீங்களா?"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பல் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதிக நேரம் சிரித்தவன் நான். சிரிப்பை நிறுத்தவே முடியவில்லை, வயிறு வலித்தது. அந்தப் படித்துறையில் அத்தனை பேர் முன்னால் உண்மையை ஒருவன் உரக்கச் சொன்னான், அதற்கு எனக்குக் கோப்பை கொடுத்தார்கள். மனிதனுக்கு அதைவிட லேசாக இருக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் அவன் என்னைத் தனியாக அழைத்தான். "விளையாட்டு போதும் மாமா. ஆளை அனுப்பி அந்தத் தகட்டை வெட்டிவிட்டுருங்க. காத்து கிளம்புற மாசம் வருது." சரி மாப்ள என்றேன். "முதலாளிக்குத் தெரிஞ்சா உங்க வேலை போயிடும். அக்காவுக்காக வாயைத் திறக்காம இருக்கேன். சீக்கிரம் பண்ணுங்க" என்றான். நல்ல பையன். யாரையும் காட்டிக்கொடுக்கிற சுபாவம் அவனுக்குக் கிடையாது.

வெட்டிவிடத்தான் நினைத்தேன். ஆனால் மறுவாரம் படகு முதலாளி வந்து, கப்பலை டிக்கெட் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கலாமா என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்கரையில் என் வீடு, இக்கரையில் டிக்கெட் கூடம். படகிலேயே கப்பலை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். டிக்கெட் கிழிக்கிறவர், "குழந்தைக்கு அரை டிக்கெட் போடட்டுமா சார்?" என்றார். பாதி வழியில் ஓர் அலை அடித்தது. தண்ணீர் உள்ளே வந்து, போக வழியில்லாமல் பெஞ்சுகளுக்கு அடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது. நான் காலைத் தூக்கிக்கொண்டேன். கப்பலில் ஒரு சொட்டுப் படவில்லை.

அதன்பிறகு தினமும் வேலை முடிந்ததும் டிக்கெட் கூடத்துக்குப் போய்விடுவேன். யாரோ பயணி மாதிரி நிற்பேன். பிள்ளைகள் பெட்டிமேல் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு, கப்பலையும் ஜன்னல் வழியே தெரியும் படகையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். "அம்மா, அப்படியே இருக்கும்மா" என்று ஒரு வாண்டு சொன்னது. எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அதற்குப் பிறகு எப்படி வெட்டுவது? அந்தக் குழந்தை ஒருநாள் இரண்டையும் பார்த்து, இல்லையே என்று சொல்லியிருக்கும். மச்சான் கேட்கும்போதெல்லாம் வெல்டர் லீவு என்றேன், கேஸ் தீர்ந்துவிட்டது என்றேன். அவனும் வானத்தைப் பார்த்துவிட்டு, சரி இன்னும் ரெண்டு நாள் என்பான்.

காற்று அடித்த அன்றும் நான் பெட்டிக்குப் பக்கத்தில்தான் நின்றேன். ஜன்னல் வழியே எல்லாம் தெரிந்தது. அலை சுவரைத் தாண்டி உள்ளே விழுந்தது, மறுபடி விழுந்தது. தண்ணீரெல்லாம் ஒரே பக்கம் போய்ச் சேர்ந்துகொண்டது. படகு அந்தப் பக்கம் சாய்ந்தது, அப்புறம் நிமிரவில்லை. வெளித்தளத்தில் இருந்தவர்கள் நீந்தினார்கள். படகின் மூடிய கூடத்துக்குள் உட்கார்ந்திருந்தவர்களால் முடியவில்லை. மச்சான் ஒருமுறை உள்ளே போய்ச் சிலரை வெளியே தள்ளினான். இரண்டாம் முறை போனவன் வரவில்லை. எண்ணிக்கை உங்களிடம் இருக்கும்.

டிக்கெட் கூடத்தில் இருந்த கூட்டம் கத்திக்கொண்டு படித்துறைக்கு ஓடியது. யாராவது இடித்துவிடப் போகிறார்களே என்று நான் கண்ணாடிப் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டேன். டிக்கெட் கொடுக்கிற அம்மா உங்களிடம் சொன்னாராமே, பாவம், அதிர்ச்சியில் அப்படியே உறைந்து நின்றார் என்று. அவர் இரக்கமுள்ளவர். நான் உறையவில்லை. பெட்டியின் கால் ஒன்று ஆடும், அதனால் பிடித்தேன்.

விசாரணை எனக்கு நல்லபடியாகவே முடிந்திருக்கும். நீரோட்டம் வேகமாக இருந்ததால் படகை மேலே தூக்க முடியவில்லை. அதனால் என் கப்பலை விசாரணைக் கூடத்துக்கு வரவழைத்தார்கள். இவ்வளவு துல்லியமான சாட்சி வேறில்லை என்று விசாரணை அதிகாரியே சொன்னார். எனக்கு உள்ளுக்குள் குறுகுறுவென்றிருந்தது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியின் கையை அழுத்தினேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். முதலில் கட்டியவர்கள்தான் துவாரம் வைக்காமல் விட்டுவிட்டார்கள் என்று முடிவாகிற நேரம். அப்போது எங்கிருந்தோ அந்தப் படகின் பழைய வரைபடத்தைக் கொண்டுவந்து விரித்தார்கள்.

அதிகாரி வரைபடத்தைப் பார்த்தார், கப்பலைப் பார்த்தார். "படத்துல ஓட்டை தெளிவா இருக்கு. இந்த மாதிரிக் கப்பல் தப்பா செஞ்சது. இதை எடுத்துட்டுப் போங்க" என்றார்.

தப்பா செஞ்சது. அத்தனை பேர் முன்னால். பல் டாக்டரும் அங்கே இருந்தார், அவர் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். நான் எழுந்தேன். "ஏங்க, உக்காருங்க" என்று மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். உட்கார்ந்திருந்தால் இன்று வீட்டில் இருந்திருப்பேன், அது எனக்கும் தெரியும்.

"தப்பு இல்லை சார். படகு மூழ்கின அன்னிக்கு அதுலயும் ஓட்டை இல்லை. நான்தான் அடைச்சேன். ஆளை இறக்கிப் பாக்கச் சொல்லுங்க" என்றேன்.

சட்டையைப் பிடித்திருந்த கை விட்டுவிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. நேற்று முக்குளிப்பவர்கள் ஆற்றில் இறங்கித் தடவிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்களாம், தகடு இருக்கிறது என்று. கேட்டதும் மனசு பஞ்சாகிவிட்டது. இரவு அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன்.

அவ்வளவுதான், எழுதிக்கொள்ளுங்கள். தெரிந்துதான் அடைத்தேன், தண்ணீர் நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகும் திறக்கவில்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். சாட்சிப் பொருள் என்று கப்பல் கூரைமேல் அட்டை ஒட்டியிருக்கிறீர்களே, அந்த டேப்பை மட்டும் எடுத்துவிடுங்கள். பெயின்ட் உரிந்துவிடும். அட்டையை நூலில் கட்டித் தொங்கவிடலாம்.

காலையில் மனைவி வந்திருந்தாள். திட்டவில்லை, அழவுமில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அந்தத் தொப்பி போட்ட பொம்மையை மட்டும் எடுத்துக் குடுங்க. என் தம்பியோட உடம்புகூட எனக்குக் கிடைக்கலை." முடியாது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அவனைச் சுக்கானோடு சேர்த்து ஒட்டியிருக்கிறேன், கூரையை உடைக்காமல் வராது. எழுந்து போய்விட்டாள். கோபம் தணிந்தால் அவளுக்கே புரியும். சார், நீங்களே குனிந்து பாருங்கள், எவ்வளவு நிம்மதியாக நிற்கிறான். அவன் பத்திரமாக இருக்கிற ஒரே இடம் அதுதான், அதையும் உடைக்கச் சொல்கிறாள்.