முதல் இலைக்கு ஒரு மடக்குக்கத்தி

நெல்லையப்பன்: இதுவும் சரியில்லையா சாரே?

ஆனந்தகிருஷ்ணன்: சரியில்லைன்னு சொல்லலை. கைக்குள்ள உட்காரலை. அதாக்கும் விஷயம்.

நெல்லையப்பன்: இது பதினாலாவது கத்தி. இனிமே கடையில உட்காருததுக்கு இந்த ஸ்டூல்தான் மிச்சம்.

ஜெயலக்ஷ்மி: அதை இப்படித் தாங்கோ, நான் உக்காந்துக்கறேன். முக்கால் மணி நேரமா நிக்கறேன்.

ஆனந்தகிருஷ்ணன்: ஜெயா, மடக்குக்கத்தின்னா சும்மா இல்லை. பிடி, அலகு, எடை... மூணும் ஒத்துப் போகணும். பாலன்ஸ்னு ஒண்ணு இருக்கு. ஒரு மாசமா வீடியோ பார்த்திருக்கேன்.

ஜெயலக்ஷ்மி: ஆமா. யாரோ ஒரு வெள்ளைக்காரன் தாடியத் தடவிண்டு ஆப்பிள் நறுக்கறான். என் ஆத்துக்காரர் எதிர்க்க உக்காந்து நோட்ஸ் எடுக்கறார்.

நெல்லையப்பன்: என்னத்துக்குன்னு சொன்னா தோதா எடுத்துத் தருவேன். பாக்கு வெட்டவா, இல்ல பழம்...

ஆனந்தகிருஷ்ணன்: முதல் இலை.

நெல்லையப்பன்: என்ன இலை?

ஜெயலக்ஷ்மி: கரமனைல எங்க தெருவுக்கு ஒரு சமூகம் ஹால் உண்டு. இவர் அதுக்கு பிரசிடென்ட். ஞாயித்துக்கிழமை வருஷாந்திரச் சாப்பாடு. அன்னிக்கு ஹால் தோட்டத்துல முதல் வாழையிலைய பிரசிடென்ட் தன் சொந்தக் கத்தியால அறுக்கணும். தெருவே சுத்தி நின்னு பார்க்கும்.

ஆனந்தகிருஷ்ணன்: பாரம்பரியம். அதுக்குப் பாரம்பரியக் கத்தி வேணும்.

ஜெயலக்ஷ்மி: போன பிரசிடென்ட் சவர பிளேடால அறுத்தார். இலை ஒண்ணும் கோவிச்சுக்கலை.

ஆனந்தகிருஷ்ணன்: அதனாலதான் அவர் போன பிரசிடென்ட்.

நெல்லையப்பன்: சரி, இந்தாங்க, சணல் கயிறு. ரெண்டாவதா பாத்தீங்கள்லா, அந்தக் கத்தியால ஒரு இழு இழுங்க... சாரே, அறுக்கச் சொன்னேன். நீங்க தடவிக் கொடுக்குதீங்க.

ஆனந்தகிருஷ்ணன்: அலகு மழுங்கல்.

நெல்லையப்பன்: காலையிலதான் சாணை பிடிச்சேன்.

ஆனந்தகிருஷ்ணன்: அப்போ பிடியில கோளாறு. மரப்பிடி வழுக்கறது. கொம்புப் பிடி இருந்தா எடுங்கோ. மாட்டுக்கொம்பு.

ஜெயலக்ஷ்மி: சமூகம் ஹாலுக்கு மாட்டுக்கொம்பா?

ஆனந்தகிருஷ்ணன்: மான்கொம்புன்னு சொல்ல வந்தேன்.

நெல்லையப்பன்: அது வச்சிருந்தா ஃபாரஸ்ட்காரன் என்னத் தூக்கிட்டுப் போயிருப்பான். பித்தளைப் பிடி இருக்கு, பாக்குதீங்களா?

ஆனந்தகிருஷ்ணன்: பித்தளை கை வேர்த்தா நாறும்.

ஜெயலக்ஷ்மி: ஞாயித்துக்கிழமை இன்னொரு காரியமும் இருக்கே. அதுக்கு எந்தக் கத்தி?

ஆனந்தகிருஷ்ணன்: கமிட்டி விஷயத்தக் கடையில பேசப்படாது.

ஜெயலக்ஷ்மி: பேசினா என்ன, இவர் ஓட்டா போடப் போறார்? கேளுங்கோ. பட்டாபின்னு ஒருத்தர். இருபது வருஷமா எங்க ஹால்ல பந்தி பரிமாறறார். அவர வேலையிலேந்து எடுக்கப் போறா.

நெல்லையப்பன்: என்ன குத்தம்?

ஜெயலக்ஷ்மி: சாம்பார் வாளி வலது கையில. கரண்டி இடது கையில.

நெல்லையப்பன்: சாம்பார் கீழ சிந்துமோ?

ஜெயலக்ஷ்மி: ஒரு சொட்டு சிந்தாது.

ஆனந்தகிருஷ்ணன்: சிந்தறதா இல்லையாங்கறது பிரச்சினை இல்லை. இடது கையால பரிமாறறது அனாசாரம். ரிட்டன் கம்ப்ளெயின்ட் வந்திருக்கு. நான் ஜாயின்ட் செக்ரட்டரியா ரிட்டயர் ஆனவன். பேப்பர் வந்தா ஆக்‌ஷன் எடுத்தாகணும்.

நெல்லையப்பன்: எழுதிக் கொடுத்தது யாரு?

ஆனந்தகிருஷ்ணன்: பேர் இல்லை.

ஜெயலக்ஷ்மி: இருபது வருஷமா யார் கண்லயும் படாத கை. போன மாசம் யார் கண்லயோ பட்டுடுத்து.

நெல்லையப்பன்: பாவம். பிள்ளைக இருக்கா?

ஜெயலக்ஷ்மி: ரெண்டு பொண்ணு. மூத்தவ மீரா இந்த வருஷம் பிளஸ் டூ. பட்டாபிக்கு வேற வேலை தெரியாது. வேற ஹாலுக்குப் போனாலும், எதுக்கு எடுத்தான்னு முதல்ல கேட்பா.

ஆனந்தகிருஷ்ணன்: எனக்கு மட்டும் வருத்தம் இல்லையா? ஆனா விதின்னு ஒண்ணு...

நெல்லையப்பன்: சாரே, ஒரு உபகாரம். பேசிக்கிட்டே இருங்க, கூட இந்தப் பார்சல் கயித்த அறுத்துத் தாங்க. என் கையெல்லாம் எண்ணெயா இருக்கு.

ஆனந்தகிருஷ்ணன்: இதோ. விதி பன்னெண்டுல தெளிவா இருக்கு. ஹால் ஊழியர் ஆசாரத்துக்குப் பங்கம் வர்ற மாதிரி நடந்தா, கமிட்டி விளக்கம் கேட்காமலே... ம், பிடிங்கோ உங்க கயித்த.

நெல்லையப்பன்: ஒரே இழுப்பு.

ஆனந்தகிருஷ்ணன்: கத்தி நல்ல கத்திதான்.

நெல்லையப்பன்: மழுங்கல்னு சொன்னீங்கள்லா, அதே கத்திதான். எந்தக் கையில இருக்குன்னு பாருங்க.

ஜெயலக்ஷ்மி: கீழ வைக்காதேங்கோ. அவர் பார்த்தாச்சு.

ஆனந்தகிருஷ்ணன்: ஏதோ தற்செயலா...

நெல்லையப்பன்: பதினாலு கத்தியையும் இடது கையிலதான் எடுத்தீங்க. எடுத்துட்டு, வாத்தியார் வாறாப்ல வலது கைக்கு மாத்துனீங்க. முதல் கத்தியிலயே எனக்கு மனசிலாச்சு. நீங்களா சொல்லட்டும்னு பதிமூணு எடுத்துப் போட்டேன்.

ஆனந்தகிருஷ்ணன்: வாத்தியார்தான். மூணாம் கிளாஸ்ல ஸ்கேலால அடிச்சே மாத்தினார். அப்பா ஆத்துல மீதிய அடிச்சார். அப்புறம் முப்பத்தஞ்சு வருஷம் ஃபைல் பூரா வலது கையெழுத்து. ஒருத்தருக்கும் தெரியாது.

ஜெயலக்ஷ்மி: கரண்டு போனா நீங்க எந்தக் கையால மெழுகுவத்தி தேடறேள்னு எனக்குத் தெரியாதா? பட்டாபிக்கும் தெரியும், இல்லையா?

ஆனந்தகிருஷ்ணன்: ...போன மாசம் ஹால் உக்கிராண ரூம்ல தனியா மாம்பழம் நறுக்கிண்டிருந்தேன். அவன் தேங்காய் எடுக்க வந்தான். பார்த்தான். சிரிச்சான்.

நெல்லையப்பன்: சிரிச்சு?

ஆனந்தகிருஷ்ணன்: ‘அண்ணாவும் நம்ம கட்சியா’ன்னான்.

நெல்லையப்பன்: அவ்வளவுதானா?

ஆனந்தகிருஷ்ணன்: போதாதா? பந்தி நடுவுல வாளியும் கையுமா நின்னுண்டு அதையே சொன்னான்னா? அதுவும் பிரசிடென்டப் பார்த்து?

ஜெயலக்ஷ்மி: சொன்னா என்ன ஆகும்? அறுத்த இலை திரும்ப மரத்துல போய் ஒட்டிக்குமா?

ஆனந்தகிருஷ்ணன்: உனக்குப் புரியாது ஜெயா. ஆசாரத்தப் பத்தி வருஷம் தவறாம மைக் பிடிச்சுப் பேசறவன் நான்.

ஜெயலக்ஷ்மி: மைக்க எந்தக் கையில பிடிப்பேள்?

ஆனந்தகிருஷ்ணன்: ஸ்டாண்டுல இருக்கும்.

நெல்லையப்பன்: சாரே, அந்தக் கத்திய மடக்குங்க. இப்ப இடது கையால பிரிச்சு, அதே கையில பிடிங்க. ஆரும் இல்ல, ஷட்டர பாதி இறக்கிட்டேன். எப்படி இருக்கு?

ஆனந்தகிருஷ்ணன்: ...உட்கார்ந்துடுத்து.

நெல்லையப்பன்: கத்தி மேல இனிமே குறை சொல்லாதீங்க.

ஜெயலக்ஷ்மி: பட்டாபி மேலயும்.

ஆனந்தகிருஷ்ணன்: கத்தி வேற, ஃபைல் வேற. புகார் கமிட்டி கையில இருக்கு. நான் விட்டாலும் எழுதினவா விடுவாளா? ஏன் நடவடிக்கை இல்லைன்னு கேட்பா.

ஜெயலக்ஷ்மி: கேட்க மாட்டா.

ஆனந்தகிருஷ்ணன்: உனக்கெப்படித் தெரியும்?

ஜெயலக்ஷ்மி: மேஜை மேல ஃபைல் திறந்து கிடந்துது. படிச்சேன். கையெழுத்து முத்து முத்தா இருந்துது. நீங்க செக்குல போடறது கோழி கிளறினாப்ல இருக்கும்.

நெல்லையப்பன்: ஃபேனக் கூட்டி வைக்கவா சாரே?

ஆனந்தகிருஷ்ணன்: வேண்டாம். ...இடது கையால எழுதினா ஒருத்தருக்கும் அடையாளம் தெரியாதுன்னு நெனச்சேன்.

ஜெயலக்ஷ்மி: கமிட்டில ஒருத்தருக்கும் தெரியாது. நிச்சயம் பண்ணினப்புறம் எனக்கு மூணு கடுதாசு போட்டேளே, அதே கையெழுத்து. கல்யாணத்துக்கப்புறம் அப்படி ஒரு வரி எழுதலை. அந்தக் கை எங்க போச்சுன்னு முப்பத்தெட்டு வருஷமாக் கேட்கணும்னு இருந்தேன். ஞாயித்துக்கிழமை அந்தப் புகார ஃபைல்ல தேடாதேங்கோ. அந்த மூணு கடுதாசோட நாலாவதா என் பெட்டியில வச்சுப் பூட்டியாச்சு.