ஆள் விழுந்த படம்

“அப்பா, என்னை ஒரு படம் எடுங்க.”

நான் கேட்டது இவ்வளவுதான். பக்கத்து வீட்டில் ஆட்டுக்குட்டிக்கே படம் இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் அதைக் கேட்கக் கூடாது. “சோறு கேளு, துணி கேளு, ஃபிலிமை மட்டும் கேட்காதே. அது கூட்ஸ் வண்டிக்கு” என்று சின்ன வயதிலேயே அம்மா சொல்லி வைத்திருந்தாள்.

அப்பாவுக்குப் பஞ்சர் கடை. ஒட்டுப் போட்ட காசெல்லாம் ஃபிலிம் ரோலாகி, ரோலெல்லாம் சரக்கு ரயிலாகி, எங்கள் சுவர் முழுக்க நிலக்கரி வேகனும் எண்ணெய் டேங்கரும். கூட்டாளிகள் இரண்டு பேர். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்ற கார்டு மாமா கேமராவோடு வருவார். தையல்கார மாமா டேப்ரெக்கார்டரோடு வருவார். அவர்களுக்குச் சில சட்டங்கள். படத்தில் மனிதர் தெரிந்தால் அது ‘ஆள் விழுந்த படம்’, குப்பைக்குப் போகும். வண்டி கடக்கும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது, சத்தம் பதிவாகும்.

எங்கள் வம்சத்தில் கையெழுத்தைத் தாண்டிப் படித்தவள் நான்தான். பட்டம் வாங்கிய அன்று கறுப்பு அங்கியோடு நின்றேன். அப்பா கேமராவை என் பக்கம் திருப்பினார், சத்தியமாகத் திருப்பினார். அதற்குள் கல்லூரிக்குப் பின்னால் ஹாரன் கேட்டது. படத்தில் சிமென்ட் வண்டி முழுசாக வந்தது. ஓரத்தில் என் முழங்கை. “ஆள் விழுந்துருச்சே” என்று அதையும் தூக்கிப் போட்டார்.

எனக்குக் கோபம் இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பழைய நீராவி எஞ்சின் கடைசியாகச் சரக்கு இழுத்த நாள் போன ஞாயிறு. இனிமேல் எல்லாம் டீசல்தான். விடிந்ததும் விடியாததுமாக மூவரும் தண்டவாள வளைவுக்குப் போய் கேமரா முக்காலிகளை நட்டுவிட்டார்கள். நான் தற்செயலாக அந்தப் பக்கம் வந்தேன் என்றுதான் நேற்றுவரை சொல்லிவந்தேன். பட்டமளிப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு தற்செயலாக வருவது சிரமம் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

எந்த இடத்தில் நின்றால் இரண்டு கேமராவையும் ஒருசேர மறைக்கலாம் என்று முதல் நாளே வேலியோரம் கழி நட்டுப் பார்த்திருந்தேன். எஞ்சின் வளைவில் திரும்பியது. தையல்கார மாமா டேப்ரெக்கார்டர் பட்டனை அமுக்கினார். அதற்கப்புறம்தான் போய் நின்றேன். கத்த முடியாது, பதிவாகிக்கொண்டிருக்கிறதே. கார்டு மாமா பச்சைக் கொடியைத் தவிர மற்றதெல்லாம் ஆட்டினார். தையல்கார மாமா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். அப்பாவின் உதடு மட்டும் அசைந்தது, ஆசீர்வாதமாக இருக்காது. ஆனாலும் பழகிய விரல், வண்டியைக் கண்டதும் தானாக அமுக்கிவிட்டது. நான் சிரித்தேன். படம் எடுக்கும்போது சிரிப்பதுதானே முறை.

இன்று படம் கழுவி வந்தது. நான் பளிச்சென்று இருக்கிறேன். என் தலையிலிருந்து புகை கிளம்புகிறது. எஞ்சினைக் காணவில்லை. கூடத்தில் விசாரணை.

“ஏம்மா, படிச்ச பொண்ணு செய்யற வேலையா இது?” என்றார் கார்டு மாமா.

“படிச்சதாலதான் மாமா இவ்வளவு திட்டமா செய்ய முடிஞ்சது.”

சமையலறையில் அம்மா பாத்திரத்தை உருட்டிச் சிரிப்பை மறைத்தாள். அப்பா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டையைச் செருமினார். நான் காத்திருந்தேன்.

“ரெண்டடி தள்ளி நின்னிருந்தா எஞ்சின் முழுசா வந்திருக்கும்மா. நீயும் இருந்திருப்பே.”

நீயும். அதுவும் எஞ்சினுக்கு அப்புறம்.

வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது. பெட்டி நேற்றே கட்டியாயிற்று. செருப்பை மாட்டினேன்.

“பஸ்ஸு நம்ம தெருவுலயே நிக்குமேடி, எதுக்கு ஸ்டேஷனுக்கு நடக்கறே?” என்றாள் அம்மா.

பஸ்ஸில் எனக்குத் தலை சுற்றும். தவிர, ரயிலில் போனால் பாதி வழியில் எண்ணெய் டேங்கர்கள் எதிரே வரும். வெயில் சரியாக அவற்றின் பக்கவாட்டில் விழும் நேரம்.

கேமராவைக் காணோம் என்று அப்பா குரல் கொடுத்தபோது தெருமுனை தாண்டியிருந்தேன். அது என் பைக்குள் பத்திரமாக இருக்கிறது. நான்தான் எடுத்தேன்.

மற்றபடி எனக்கு ரயில் பைத்தியமெல்லாம் கிடையாது. ஜன்னலோரம் ஓர் இடம் கிடைத்தால் போதும். யாரும் குறுக்கே வந்து நிற்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.